ஜெபகனி திருப்பி அனுப்பிய மைக்குகள்

ஆம்பூர்
14.7.2025

அன்புத் தம்பி டேனியலுக்கு,

அக்கா ஜெபகனியின் தோத்திரம். நானும் உன் மாமாவும் சுகம். என் இடது முட்டி மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முரண்டு பிடிக்கிறது. ஷர்மிளாவுக்குக் காய்ச்சல் விட்டதா? உன் பெண்டாட்டியை மும்பை மழையில் கடைக்கு அனுப்பாதே, நீயே போ.

என்ன திடீரென்று கடிதம் என்று பார்ப்பாய். போன வாரம் போனில் பேசினது சண்டையில் முடிந்தது. நீ வாய்க்குள்ளேயே பேசுகிறாய். இன்னொரு தரம் சொல் என்றால் கத்துகிறாய். இனிமேல் நமக்குள் காகிதம்தான். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் சபைக்கு நூறு வருஷம் ஆகிறது. பெண்கள் ஐக்கியத்தில் எட்டுப் பாட்டு பாடி, பதிவு செய்து, கிறிஸ்துமஸுக்கு வெளியிடப் போகிறோம். பாட்டுக்கு சைடு டிரம் நான்தான் என்று நினைத்திருந்தேன். கமிட்டிச் செயலாளர் ஜார்ஜ் சார், அதுதான் ரிடயர்டு ஹெட்மாஸ்டர், "டிரம்முக்குன்னு தனியா ஆள் வேணாம், ஜோவின் கீபோர்டுலயே எல்லா டிரம்மும் இருக்குது" என்றார். ஜோவின் அவர் பையன்.

"பத்து வருஷமா கேரல் ரவுண்ட்ஸ்ல அடிச்சது யாரு சார்?" என்றேன்.

"அது தெரு ஜெபகனி. இது ரெகார்டிங்."

"பதினோரு வருஷம் தோல் கம்பெனியில ஸ்டேக்கிங் மிஷின்ல நின்னு, அப்புறம் கம்பெனிங்க கழிச்சிப் போட்ட தோலை வாங்கி வித்து, சொந்தமா குடோன் கட்டினவ நான். ஒரு பட்டன் கிட்ட தோத்துப் போவேன்னு நெனைக்கிறீங்களா?" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, ஆராதனைக்கு வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு இழுத்து வந்தேன். நவம்பர் பதினைந்துக்குள் எட்டுப் பாட்டுக்கும் என் டிரம்மைப் பதிவு செய்து கொண்டு வரவேண்டும். கமிட்டி இரண்டையும் கேட்டு முடிவு சொல்லும். நீ பதினைந்து வருஷமாக ரெகார்டிங் தியேட்டரில் வேலை பார்க்கிறாய். என் டிரம்முக்கு எந்த மைக் என்று எழுது.

அக்கா,
ஜெபகனி


மும்பை
25.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

டேனியல் எழுதுவது. ஷர்மிளாவுக்குக் காய்ச்சல் விட்டு, இப்போது எனக்கு. மாமாவை விசாரித்ததாகச் சொல்.

பேனா பிடித்துக் கடிதம் எழுதி எத்தனை வருஷம் ஆகிறது என்று தெரியவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் சண்டைக்கு வராதே.

சைடு டிரம்மை நாங்கள் ஸ்நேர் என்போம். அதைப் பதிவு செய்வது பாட்டுக்காரரைப் பதிவு செய்வது மாதிரி இல்லை. குச்சி விழும் அடி வெடிச் சத்தம். அதோடு டிரம்முக்கு அடியில் கட்டியிருக்கும் கம்பிகள் 'சிர்'ரென்று உதறும். இரண்டும் சேர்ந்தால்தான் ஸ்நேர். நல்ல மைக் அடியைத் தாங்கவும் வேண்டும், கம்பியைத் தவறவிடவும் கூடாது.

விலை உயர்ந்த மைக் தேடாதே. மேடையில் பேசுகிறார்களே, அந்த டைனமிக் மைக் போதும். ஓரத்து வளையத்துக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் வை. முகம் டிரம்மின் நடுவைப் பார்க்கட்டும். பதிவு செய்ததை பென்டிரைவில் போட்டு அனுப்பு. வாட்ஸப்பில் அனுப்பினால் பாதி சத்தத்தை அதுவே தின்றுவிடும்.

தம்பி,
டேனியல்


ஆம்பூர்
9.8.2025

தம்பி டேனியலுக்கு,

தோத்திரம். உன் காய்ச்சல் போயிருக்கும் என்று நம்புகிறேன். சுக்குக் கஷாயம் ஷர்மிளாவுக்குப் போடத் தெரியாது என்றால் எழுது, முறை எழுதி அனுப்புகிறேன்.

சவுண்டு சர்வீஸ் தபரேஸ் உனக்குத் தெரியும். அவன்தான் மைக்கும் லேப்டாப்பும் கொண்டு வந்தான். நம் குடோனிலேயே வைத்துப் பதிவு செய்தோம். நீ சொன்ன மாதிரி டைனமிக் மைக், இரண்டு விரல் உயரம். கட்சிக் கூட்டங்களில் அடிபட்டு அதன் தலை நசுங்கியிருக்கிறது. போட்டுக் கேட்டால் 'டப் டப்' என்கிறது. கம்பிச் சத்தம் துளி இல்லை. நனைந்த தோலைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டேன்.

"அக்கா, எனக்கு சூப்பரா கேக்குது, இன்னா குறைன்றீங்க?" என்றான் தபரேஸ்.

"கம்பி எங்கடா?"

"இருக்குதுக்கா, நல்லாவே இருக்குது."

விற்கிறவன் எப்போதாவது தன் சரக்கு மட்டம் என்று சொல்லுவானா? பிடிக்காததைத் திருப்பி அனுப்பித் திருப்பி அனுப்பித்தான் நான் இந்த ஊரில் ஆள் ஆனேன். பென்டிரைவ் இதோடு வருகிறது. கேட்டுவிட்டு வேறு மைக் சொல்.

உன் மாமா இன்பராஜும் உன்னை மாதிரியே ஆகிவிட்டார். எது கேட்டாலும் முணுமுணு என்று ஒரு வார்த்தை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் பேச்சு தீர்ந்துபோய்விட்டது போலிருக்கிறது.

ஜெபகனி


மும்பை
22.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் சுகம். உன் முட்டிக்கு டாக்டரைப் பார்த்தாயா?

பென்டிரைவ் வந்தது. தியேட்டரில் பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். முதலில் ஒன்று சொல்கிறேன்: உன் குடோன் மாதிரி ஓர் இடம் கிடைக்க இங்கே ஆட்கள் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள். சுற்றிலும் அடுக்கியிருக்கும் தோல் கட்டுகள் எதிரொலியை எல்லாம் குடித்துவிட்டன. அடி தனியாக, சுத்தமாக நிற்கிறது.

கம்பி பற்றிக் கேட்டாய். எனக்கென்னவோ அது இருக்கிற மாதிரிதான் படுகிறது. ஆனால் வாசிப்பவள் நீ. வேண்டுமானால் கண்டென்சர் மைக் ஒன்று வாங்கிப் பார். மெல்லிய சத்தத்தையும் எடுக்கும். அதுவும் போதவில்லை என்றால், டிரம்முக்கு அடியில் கம்பியைப் பார்த்து இரண்டாவது மைக் வைப்பதுண்டு. அப்படி வைத்தால் லேப்டாப்பில் ஒரு மைக்கின் சத்தத்தைத் தலைகீழாகத் திருப்பச் சொல். இல்லாவிட்டால் மேலும் கீழும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சத்தம் சப்பையாகிவிடும்.

மாமா நிஜமாகவே குறைவாகத்தான் பேசுகிறாரா?

டேனியல்


ஆம்பூர்
8.9.2025

தம்பி டேனியலுக்கு,

தோத்திரம். முட்டி பழகிவிட்டது. கேட்டதற்குச் சந்தோஷம்.

உன் கண்டென்சர் மைக்கும் உருப்படவில்லை. தபரேஸ் வேலூர் லாங் பஜாரில் அலைந்து வாடகைக்கு எடுத்து வந்தான். குடோன் வாசலில் போன லாரி கேட்கிறது, என் கம்பி கேட்கவில்லை. திருப்பி அனுப்பினேன். ஜோலார்பேட்டையில் யாரோ கல்யாண பேண்டுகாரரிடம் இன்னொன்று வாங்கி வந்தான். அதுவும் போயிற்று. "அக்கா, ஆட்டுத்தோல் செலெக்‌ஷன் பண்ற மாரி மைக்கை செலெக்‌ஷன் பண்றீங்க, எனக்கு பேஜாரா இருக்குது" என்று உட்கார்ந்துவிட்டான். டீ வாங்கிக் கொடுத்து எழுப்பினேன்.

பிறகு அடியில் இரண்டாவது மைக் வைத்தோம். திருப்பச் சொன்னாயே, அதையும் திருப்பினான். அப்போதும் இல்லை. கம்பிக்கு ஒரு விரல் கிட்டே தள்ளி, அந்த மைக்கின் சத்தத்தை முழுக்க ஏற்றச் சொன்னேன். தபரேஸ் காதைப் பொத்திக்கொண்டு நடித்தான். இப்போதுதான் லேசாகக் கேட்கிறது. இந்த வழியில்தான் போகவேண்டும் என்று தோன்றுகிறது. பெண்கள் பாடியதோடு டிரம்மையும் சேர்த்து மூன்று பாட்டு அனுப்பியிருக்கிறேன்.

ஜார்ஜ் சார் ஞாயிற்றுக்கிழமை வாசலில் பிடித்து ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். நவம்பரில் யார் சிரிக்கிறார்கள் பார்க்கலாம்.

சீக்கிரம் பதில் போடு. நாள் ஓடுகிறது.

ஜெபகனி


மும்பை
4.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் போட ஒரு மாதம் ஆகிவிட்டது. வேலை ஜாஸ்தி என்று எழுதலாம். அது பொய். மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

உன் மூன்று பாட்டையும் கேட்டேன். என் காதில்தான் கோளாறோ என்று கூட வேலை செய்கிற இரண்டு பேரையும் கேட்க வைத்தேன். கம்பிச் சத்தம் தகரத்தில் மணலைக் கொட்டுகிற மாதிரி இருக்கிறது. பாட்டு ஒரு வரி கேட்கவில்லை. ஒருவர் ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டார். தபரேஸ் நடிக்கவில்லை அக்கா. நீ 'லேசாகக் கேட்கிறது' என்று எழுதியிருந்தாய்.

முதல் பென்டிரைவிலேயே கம்பி நன்றாக இருந்தது. எனக்கு அப்போதே சந்தேகம். சொல்லப் பயந்து, இன்னொரு மைக் பார் என்று எழுதினேன்.

மைக்குகள் எதிலும் குறை இல்லை. உனக்குத்தான் மேல் சத்தங்கள், கம்பியின் 'சிர்' மாதிரி கூர்மையான சத்தங்கள், கேட்கவில்லை. தோலைத் தட்டித் தட்டி மெதுவாக்குகிற அந்த மிஷின் பக்கத்தில் பதினோரு வருஷம் காதில் ஒன்றும் வைக்காமல் நின்றாய். போனில் நான் வாய்க்குள் பேசவில்லை. மாமாவும் முணுமுணுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

காதைக் காட்டு. கோபம் வந்தால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் தம்பி,
டேனியல்


ஆம்பூர்
24.10.2025

மாப்பிள்ளை டேனியலுக்கு,

மாமா இன்பராஜ் எழுதுவது. சுகம், சுகமறிய ஆவல். எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை.

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆச்சு. உன் அக்கா படித்துவிட்டு மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு வந்த சரக்கு பூராவும் திருப்பி அனுப்பிவிட்டாள். நல்ல சரக்கு. அவள் காது விஷயம் இரண்டு வருஷமாகவே எனக்குத் தெரியும். ஒரு தரம் சொன்னேன். "எனக்குக் காது இல்லன்னா உனக்கு வாய் இல்ல" என்றாள். அதற்கப்புறம் சொல்லவில்லை.

போனிலேயே சொல்லியிருப்பேன். அவள் பக்கத்தில் நின்று பேசினாலும் கேட்காது, ஆனால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

நேற்று யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தாள். வந்ததும் டிரம்மை எடுத்து ஒரு மணி நேரம் அடித்தாள். இப்போதும் அடிக்கிறாள். நன்றாகத்தான் அடிக்கிறாள்.

இன்பராஜ்


ஆம்பூர்
29.10.2025

தம்பி டேனியலுக்கு,

தோத்திரம். இங்கே எல்லாரும் இருக்கிறோம். சுகம் என்று எழுத மனமில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்து என்றார்கள். கொஞ்ச நேரம் அழுத்தினேன். அப்புறம் ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். முடிந்துவிட்டது போல என்று வெளியே பார்த்தால், அந்தப் பெண் இன்னும் சத்தம் அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். அப்போதுதான் நீ எழுதினது நிஜம் என்று ஒப்புக்கொண்டேன். இரண்டு காதிலும் மேல் சத்தம் போய்விட்டது. திரும்பி வராது. மிஷின் சத்தம்தான் காரணம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

உன் மேல் கோபம் இருக்கிறது. முதல் பென்டிரைவிலேயே தெரிந்தும் இன்னொரு மைக் பார் என்று எழுதினாயே, அதற்கு. காது போனதைச் சொன்னதற்கு இல்லை. அழுகல் சரக்கை அழுகல் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

தபரேஸிடம் மன்னிப்பு கேட்டேன். "வுடுங்கக்கா, மைக்குக்கு இன்னா ரோஷமா வரப் போவுது?" என்றான்.

இதைக் கேள்விப்பட்டு ஜார்ஜ் சார் வீட்டுக்கே வந்துவிட்டார். ஜெபம் பண்ணிவிட்டு, என் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாக இழுத்து, "இனிமே நீ ரெஸ்ட் எடும்மா, பையன் பாத்துப்பான்" என்றார். "சார், போனது காது. அடிக்கிறது கை. கைக்கு யாரும் ரெஸ்ட் எழுதிக் குடுக்கல" என்றேன். காபி குடிக்காமல் போய்விட்டார்.

நான் அடிக்கப் போகிறேன் டேனியல். எட்டுப் பாட்டும். அடி விழுவது எனக்குக் கேட்கிறது, மணிக்கட்டிலும் நெஞ்சிலும் தெரிகிறது. கம்பி மட்டும்தான் இல்லை. அது உனக்கு இருக்கிறது அல்லவா? என் வாழ்நாளில் சரக்கைத் தரம் பிரிக்க அடுத்தவனை விட்டதில்லை. இந்த ஒரு தடவை விடுகிறேன். எந்த மைக், எவ்வளவு உயரம், கம்பியை எவ்வளவு முறுக்குவது, நீயே சொல். ஒன்று மட்டும்: மெதுவாக அடி என்று சொல்லாதே.

காதுக்கு மிஷின் வைக்கச் சொன்னார்கள். டிசம்பரில் வைத்துக்கொள்வேன். புதுக் காதை நம்பி, பழகின கையை இப்போது குழப்பிக்கொள்ள மாட்டேன்.

ஜெபகனி


மும்பை
3.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திட்டி எழுதியதைப் படித்தபிறகுதான் நான் சுகம்.

தலை நசுங்கிய அந்த முதல் மைக். அதுதான். அடியில் எதுவும் வேண்டாம். ஓரத்துக்கு மேல் இரண்டு விரல், முகம் நடுவைப் பார்த்து. கம்பியை முதல் நாள் இருந்த அளவுக்கே தபரேஸை முறுக்கச் சொல். அவன் காது நல்ல காது. நீ கழித்துப் போட்டதால் அது மட்டமாகிவிடாது. குடோனிலேயே பதிவு செய். தோல் கட்டுகளை விற்றுவிடாதே, பதினைந்தாம் தேதி வரைக்குமாவது.

மெதுவாக அடி என்று யார் சொன்னது? அந்த மைக் தாங்கும்.

லீவு கேட்டிருக்கிறேன். கமிட்டி அன்றைக்கு நான் வரட்டுமா?

டேனியல்


ஆம்பூர்
19.11.2025

தம்பி டேனியலுக்கு,

தோத்திரம். முட்டி உட்பட எல்லாரும் சுகம். உன் மாமா இப்போது என் முகத்துக்கு நேரே நின்று பேசுகிறார். இவ்வளவு பேச்சு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வரவேண்டாம் என்று ஒரு வரி மெசேஜ் போட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நீ வந்து நின்றிருந்தால், தம்பி வந்து காப்பாற்றினான் என்று ஆகியிருக்கும்.

பதினைந்தாம் தேதி கமிட்டி கூடியது. ஏழு பேர், ஜோவினும் அதில் ஒருவன். நான் எழுந்து முதலில் ஆஸ்பத்திரிக் காகிதத்தை மேசைமேல் வைத்தேன். "எனக்குக் கம்பிச் சத்தம் கேக்காது. மைக்கைத் தேர்ந்தெடுத்தது என் தம்பி. அடிச்சது நான். கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றேன். முதலில் ஜோவின் கீபோர்டில் போட்டதை ஓட்டினார்கள். அப்புறம் தபரேஸ் என்னுடையதை ஓட்டினான். கமிட்டியில் இருக்கும் ராஜம்மாள் டீச்சர் தொடையில் தாளம் போட்டதைப் பார்த்தேன்.

முடிந்ததும் ஜார்ஜ் சார், "பல இடத்துல கம்பி இரைச்சல் பாட்டையே மூடுது, சில இடத்துல அடியும் பிந்துது. உனக்குக் கேக்காதும்மா, அதனால உனக்குத் தெரியல" என்றார்.

அவர் சொல்வது நிஜமா பொய்யா என்று சோதிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. எந்தச் சரக்கின் முன்னாலும் நான் அப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றதில்லை.

அப்புறம், குடோனில் என்ன செய்வேன் என்று யோசித்தேன். வாங்க வருகிறவன் தோலில் குறை என்றால், சாக்பீஸைக் கையில் கொடுத்து வட்டம் போடச் சொல்வோம். ஆள் மேல் சந்தேகம் என்றால், அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் வட்டத்தைத் துடைத்து, தோலைத் திருப்பி, அடுக்கில் கலந்து வைத்து, மறுபடி போடச் சொல்வோம். நிஜமான குறை என்றால் வட்டம் அதே இடத்தில் விழும்.

"எந்த இடம்னு காட்டுங்க சார்" என்று எட்டுப் பாட்டும் அச்சடித்த தாளையும் ஒரு பென்சிலையும் கொடுத்தேன். தபரேஸ் மறுபடி ஓட்டினான். பதினோரு இடத்தில் வட்டம் போட்டார். அந்தத் தாளை மடித்து ராஜம்மாள் டீச்சரிடம் கொடுத்துவிட்டு, புதுத் தாள் ஒன்றை அவர் முன்னால் வைத்தேன். பாட்டு வரிசையை மாற்றி ஓட்டச் சொன்னேன்.

"எதுக்கு இன்னொரு தடவ?"

"உங்க காது நல்ல காது சார். அதே இடம்தானே வரப் போவுது."

இந்தத் தடவை ஒன்பது வட்டம். டீச்சர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்கூல் பேப்பர் திருத்துகிற மாதிரி, வாய்விட்டுப் படித்தார். முதல் பாட்டில் ஒன்றும் பொருந்தவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதற்கு வந்தபோது ஜோவின், "அப்பா, நீங்க வட்டம் போட்ட எடத்துல டிரம்மே கெடையாது. அங்க வெறும் பாட்டுதான்" என்றான். முதலில் சிரித்ததும் அவன்தான். ஐந்துக்கு இரண்டு என்று டிரம் நின்றது. எனக்கு எதிரான இரண்டில் ஜோவின் இல்லை.

இதோடு எழுதி முடித்திருப்பேன். ஆனால் இரண்டு தாளிலும் ஒரே ஒரு வட்டம் பொருந்தியிருந்தது. ஐந்தாவது பாட்டு, இரண்டாவது சரணம், மூன்றாவது வரி. வெளியே வந்ததும் தபரேஸிடம் கேட்டேன். தரையைப் பார்த்தான். "ஒரே ஒரு அடிக்கா. கொஞ்சம் லேட்டாயிடுச்சி. சொல்ல மனசு வரல" என்றான்.

அவனையும் திட்டினேன், உன்னைத் திட்டின அதே காரணத்துக்கு. திங்கட்கிழமை காலையில் ஜார்ஜ் சார் வீட்டுக்குப் போனேன். "அந்த ஒரு எடம் நீங்க சொன்னது சரி சார். திரும்ப அடிக்கப் போறேன், வந்து கேளுங்க" என்றேன். வருவார் என்று நினைக்கவில்லை. வந்தார். குடோனில் லைனிங் தோல் கட்டின் மேல் ஹெட்போனோடு உட்கார்ந்தார். முதல் தடவை தலையை ஆட்டி வேண்டாம் என்றார். இரண்டாம் தடவையும் வேண்டாம் என்றார். வீம்புக்குச் சொல்கிறாரோ என்று தபரேஸைப் பார்த்தேன். அவனும் ஆமாம் என்று தலையசைத்தான். நான்காம் தடவை சார் கண்ணை மூடிக்கொண்டு, "இது போவட்டும்" என்றார்.

டேனியல், அந்த மனுஷனுக்கு நிஜமாகவே நல்ல காது. இவ்வளவு நாளாகத் தப்பான வேலைக்கு வைத்திருந்தார்.

பென்டிரைவ் இதோடு வருகிறது. ஷர்மிளாவுக்கும் போட்டுக் காட்டு. சத்தமாக வை.

அக்கா,
ஜெபகனி